இறால் அறையில் இருந்த நொதி

இந்நிகழ்ச்சி தொடங்கிய நாளில் நான் போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறைத் தலைவன். சென்னையில் முதுகலை பயின்று முதல் வகுப்பில் தேறியவன். சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் நிவாரண முகாம்களின் குடிநீரைச் சோதித்து நான் கையெழுத்திட்ட அறிக்கைகளில் ஒன்றுகூட மறுசோதனைக்குத் திரும்பி வந்ததில்லை. என் சொல்லுக்கு இத்தீவில் என்ன மதிப்பு இருந்தது என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். ஏனெனில் நான் பணயம் வைத்தது அதைத்தான்.

சுனாமிக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், சென்னையில் ஒரு கருத்தரங்குக்குச் சென்றிருந்தேன். வருங்காலத் தடுப்பூசிகளைப் பற்றிய உரை. புரதத்தை ஊசியில் ஏற்றுவதற்குப் பதிலாக, அதைச் செய்வதற்கான கட்டளையை, அதாவது தூது ஆர்.என்.ஏ.வை ஏற்றினால், உடலே அப்புரதத்தைச் செய்துகொள்ளும். மருந்துகளும் இவ்வழியே வரக்கூடும். ஆனால் கட்டளை ஏராளமாக வேண்டும். அதைப் பெருக்கித் தரும் கருவி, பாக்டீரியாவைத் தாக்கிப் பிழைக்கும் ஒரு வைரஸின் நொதி. டி.என்.ஏ. அச்சு ஒன்றைக் கொடுத்தால், இரண்டு மணி நேரத்தில் அதிலிருந்து நூற்றுக்கணக்கான ஆர்.என்.ஏ. படிகளை அது எடுத்துவிடும்.

தேநீர் இடைவேளையில், இதை எங்கள் கல்லூரியில் செய்யப்போவதாகச் சொன்னேன். பேராசிரியர் ஒருவர் சிரித்தார்.

"உங்க ஊர்ல மழை பெஞ்சா கரன்ட் போயிடும்னு கேள்வி. ஆர்.என்.ஏ. விரல் பட்டாலே சிதைஞ்சிடும். பேசாம பவளப்பாறையைப் பத்திக் கட்டுரை எழுதுங்க சார்."

"இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள சோதனைப் படம் உங்க மேசைக்கு வரும். நீங்க அதை உங்க துறை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்" என்றேன். பத்துப் பேராவது கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நிலநடுக்கத்தில் சுவர் விரிசல் கண்டு, உடைந்த மேசைகள் அடுக்கப்பட்டிருந்த ஓர் அறையைக் கல்லூரி முதல்வரிடம் கேட்டுப் பெற்றேன். மழைக்காலம் முடியும்வரை அறை எனக்கு; அதற்குள் பலன் இல்லையென்றால் கணினித் துறைக்கு என்பது அவர் விதித்த நிபந்தனை. அறையை நானே துடைத்தேன். தண்ணீரை மருந்திட்டு, அழுத்தக் கொதிகலனில் கொதிக்கவைத்துப் புட்டிகளில் அடைத்தேன். கையுறையின்றி எவரையும் மேசையருகே விடவில்லை.

நொதியும் அச்சும் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தன. என் பழைய வகுப்புத்தோழர் ஒருவர் தம் ஆய்வகத்திலிருந்து ஒரே ஒரு குப்பி நொதியை, அச்சைத் தனிக் குழலில் சேர்த்து, தெர்மோகோல் பெட்டியில் உலர்பனியிட்டு அனுப்பியிருந்தார். இன்னொரு குப்பிக்கு வழியில்லை என்பதையும் எழுதியிருந்தார். வானிலை காரணமாக விமானம் ஒரு நாள் தாமதித்து இறங்கியது. அன்று காலை முதல் வேறொரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்தி முடித்துக்கொண்டு பத்துபஸ்தியைக் கடந்து விமான நிலையச் சரக்குப் பிரிவை அடைந்தபோது, பெட்டி அங்கே இல்லை.

"மச்லி கா டப்பா? வோ தோ ஜங்லிகாட் சலா கயா" என்றார் எழுத்தர், பேரேட்டிலிருந்து தலை நிமிராமல். மீன் பெட்டி மீன்துறைப் பக்கம், ஜங்லிகாட்டுக்குப் போய்விட்டதாம்.

எங்கள் தீவில் விமானம் ஏறும் தெர்மோகோல் பெட்டி என்றால் அது மீன். இறங்கும் பெட்டி என்றால், வாங்கியவர் வேண்டாமென்று திருப்பிய மீன். வேறு பொருள் இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. என் பெட்டியை எடுத்துச் சென்றவர்கள் ஓர் இறால் வியாபாரியின் ஆட்கள். அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தவர். ஜங்லிகாட்டில் சொந்தக் குளிர்சேமிப்பு வைத்திருந்தார். ஆட்டோவில் போய் இறங்கினேன்.

"வாங்க சார். நீங்க எப்ப எறால் யாவாரத்துல எறங்குனீங்க?"

"பாய், பெட்டி மேல என் பேரு எழுதியிருக்கு. உங்க ஆளுங்கள்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"படிச்சாங்க சார். மைனஸ் இருபதுன்னு இருந்துச்சு, அதப் படிச்சாங்க. திரும்பி வந்த மால்னு நெனச்சு உள்ள வச்சுட்டாங்க. நம்ம தொழில்ல பெட்டி வந்தா மொதல்ல குளிரு. கேள்வி எல்லாம் அப்புறம்தான்."

உறைகுளிர் அறையின் கதவைத் திறந்தார். முள், மைனஸ் இருபத்திரண்டில் நின்றது. இறால் பெட்டிகளுக்கு நடுவே என் பெட்டி, நாடா பிரிக்கப்படாமல் இருந்தது. திறந்து பார்த்தேன். உலர்பனி ஒரு கைப்பிடிதான் மிஞ்சியிருந்தது. குப்பி உறைந்த நிலையில் பத்திரமாக இருந்தது.

"ஆத்திரத்துல வந்திருக்கீங்க, சரி. உங்க காலேஜ்ல பிஜ்லி இருக்கா சார்?"

தொலைபேசியில் கேட்டேன். காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் அலுவலக அறைக்கு மட்டுமே ஓடியது. என் உறைபெட்டியின் அடியில் தண்ணீர் நின்றதாகத் துறை உதவியாளர் சொன்னார். பெட்டி உரிய இடத்துக்கு வந்திருந்தால் ஒரே மாலையில் நொதி கெட்டுப்போயிருக்கும். பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு எளிதாக வரும் செயல் அன்று.

"இங்கயே இருக்கட்டும், வாடகை கெடையாது" என்றார். "ஆனா பெட்டி மேல 'எறால் இல்லை'ன்னு பெருசா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி எவனாவது மசாலா தடவிருவான்."

எழுதிக் கொடுத்தேன்.

மின்சாரம் சீராக ஐந்து நாட்கள் ஆயின. ஆறாம் நாள் காலை பாய் பனிக்கட்டியை நொறுக்கி, உப்புக் கலந்து, ஒரு தூக்குப்பாத்திரத்தில் இட்டு, நடுவே குப்பியைப் புதைத்துக் கொடுத்தார். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து, பாத்திரத்தை மடியில் அணைத்தபடி கல்லூரி வாயிலுக்குள் நுழைந்தேன். மாணவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

இரண்டு குழாய்கள், ஒன்றில் நொதி உண்டு, மற்றதில் இல்லை. முப்பத்தேழு பாகை வெப்பநீரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு இரண்டையும் கூழ்மத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, புறஊதா விளக்கை ஏற்றினேன். நொதி இல்லாத தடத்தில் அச்சின் மங்கிய கீற்று மட்டும். அடுத்த தடத்தில், நான் கணக்கிட்டிருந்த அதே இடத்தில், தடித்த ஒளிக்கோடு. விளிம்பு கூர்மையாக இருந்தது; சிதைவின் கறை ஒரு துளியும் இல்லை.

கூடவே காத்திருந்த பாய் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தக் கோடுதானா?"

"இந்தக் கோடுதான்."

"ஊசியா போடலாமா இத?"

"இதைப் போடக்கூடாது. வழி சரின்னு காட்டுற கோடு இது."

"நல்லா பளபளன்னு இருக்கு சார். ஏ கிரேடு மால்."

மிச்ச நொதியில் மேலும் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் கோடு அதே இடத்தில் நின்றது. மழைக்காலம் முடியப் பதினோரு நாட்கள் இருக்கையில் படம் சென்னைக்குப் போயிற்று. அந்தப் பேராசிரியரிடமிருந்து ஒரு சொல்லில் பதில் வந்தது: "ஒட்டிவிட்டேன்." அடுத்த முறை சென்னை சென்றபோது நேரில் பார்த்தேன், நான்கு மூலையிலும் ஊசி குத்தியிருந்தார். கணினித் துறைக்கு வேறு அறை கிடைத்தது. விரிசலைப் பூசி வண்ணமடித்த என் அறையில், அதன் பின் ஆண்டுதோறும் அதே சோதனையை மாணவர்கள் தம் கையாலேயே செய்தார்கள்.

கல்லூரி விழாவில் முதல்வர், மின்வெட்டு வருமென்று நான் முன்கூட்டியே கணித்துக் குளிர்சேமிப்பில் இடம் பிடித்து வைத்ததாகப் பேசினார். போர்ட் பிளேரில் தடுப்பூசி தயாரானதாக ஊரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. நாங்கள் தடுப்பூசி எதையும் தயாரிக்கவில்லை, தூது ஆர்.என்.ஏ.வைப் பெருக்கினோம். பெட்டியை அங்கே அனுப்பியவன் நான் அல்லன். அதை மீன் என்று நினைத்து எடுத்துப் போனார்கள்.