சின்ன டிரைவரின் வலது கை

போன மாதம் ஒரு காலை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறப்பதற்கு முன்பே மீன் வாசனை உள்ளே வந்துவிட்டது.

வாசலில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் தெர்மோகோல் பெட்டி... மீனுக்கு ஐஸ் போட்டு வைப்பார்களே, அது.

"மீன் வேணாம்மா" என்றேன்.

"நானும் மீன் விக்க வரல சார். மீன்பிடித் தடைக்காலத்துல மீனுக்கு எங்க போறது? பொம்மை ரிப்பேர் பாக்குறவரு நீங்கதானே?"

வந்ததே எனக்குக் கோபம். பொம்மை ரிப்பேராம்.

வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் சேர்ப்பது ஆக்‌ஷன் ஃபிகர். சினிமா, காமிக்ஸ் வீரர்களின் உருவம், ஒரு சாண் உயரம். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று மனிதனுக்கு எங்கெல்லாம் மடங்குமோ அங்கெல்லாம் மடங்கும். மூட்டு தளர்ந்தால் இறுக்குவேன். பெயிண்ட் போனால் அடிப்பேன். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி — தலையாட்டி பொம்மையா சார்? இல்லை. அது ஆடினால் அழகு. என்னுடையது ஆடினால் கோளாறு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அந்தப் பெண்ணின் பெயர் செல்வராணி. நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அவருடைய மகள் இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அவள்தான் அனுப்பி வைத்திருக்கிறாள்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே கவசம் போட்ட ஒரு விண்வெளி வீரன். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி எப்போதோ கொண்டு வந்தது. உப்புக் காற்றில் பெயிண்ட் பொரிந்து, மூக்கு தேய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கி விட்டேன். விழுந்தது. என் விரலெல்லாம் பிசுபிசுவென்று கறுப்பு.

"இதுல யாரு கிரீஸ் வெச்சது?"

"எங்க வீட்டுக்காரர். போட்டுல டிரைவர் அவரு. எது மக்கர் பண்ணினாலும் கிரீஸ்தான்."

"இறுகிப் போனதுக்கு கிரீஸ் வெக்கலாம். தளந்து கெடக்குறதுக்கு எவனாவது வெப்பானா?"

"எவனாவதுன்னு சொல்லாதீங்க சார். என் புருஷன் அவரு."

சரி, அது என் தப்பு. ஆனால் விஷயத்தில் தப்பு இல்லை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் எண்ணெய். கதவு கத்தினால் எண்ணெய். முட்டி வலித்தால் எண்ணெய். பிள்ளை படிக்கவில்லை என்றாலும் தலையில் எண்ணெய். மூட்டு தளர்வது ஏன்? உள்ளே பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசித் தேய்ந்துவிட்டது. பிடிமானம் போய்விட்டது. மிச்சமிருக்கிற பிடிமானத்தையும் கிரீஸ் வைத்து வழித்து எடுத்தால் எப்படி நிற்கும்?

"எங்க மெக்கானிக் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிடலாம்னான். நான்தான் விடல" என்றார் செல்வராணி.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. மூட்டில் சூப்பர் க்ளூ ஊற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"ஏன் விடல?"

"ஒட்டிட்டா அப்புறம் எப்படி சார் வீட்டுக்கு வர்றது?"

புரியவில்லை. கேட்டேன். சொன்னார்.

இந்த வீரனுக்குப் படகில் பெயர் சின்ன டிரைவர். கேபினில், ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி நைலான் கயிற்றால் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். முகத்துவாரம் தாண்டியதும் பெரிய டிரைவர் — அதாவது செல்வராணியின் கணவர் — இவனுடைய வலது கையை மேலே தூக்கி விடுவார். வலை போடுகிற நாளெல்லாம் அது மேலேதான் இருக்கும். கரைக்குத் திரும்பும்போது இறக்கி விடுவார். கை மேலே இருந்தால் தொழில். கீழே இருந்தால் வீடு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்களாம்.

தடைக்காலத்துக்கு முந்தைய பயணத்தில் கோளாறு ஆரம்பித்தது. கையைத் தூக்குகிறார், இன்ஜின் அதிர்வில் விழுகிறது. மறுபடி தூக்குகிறார், மறுபடி விழுகிறது. "கெளம்பும்போதே திரும்பிப் போன்னு சொல்றான்" என்று படகில் முணுமுணுப்பு. அந்தப் பயணத்தில் பார்த்து ஒருவர் விரல் வலை இழுக்கிற வின்ச்சில் மாட்டிக்கொண்டது. போதாதா? தடை முடிந்ததும் வேறு படகில் ஏறிக்கொள்கிறோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாமல் படகு எங்கே போகும்? துறைமுகத்தில் கட்டியே கிடக்க வேண்டியதுதான்.

"இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்றேன். எனக்கு மனதில் பட்டதைச் சொல்லித்தான் பழக்கம்.

அவர் என் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "உள்ள என்ன சார், சின்னச் சின்னப் பொட்டலமா?"

"சிலிக்கா ஜெல். ஈரத்தை இழுத்துக்கும்."

"ஓ... இவங்களுக்கெல்லாம் வேர்க்கக் கூடாது."

சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும் நம்பிக்கை கெடையாதுண்ணே" என்றார் செல்வராணி. சார் போய் அண்ணே வந்திருந்தது. "ஆனா கடலுக்குப் போறது நானில்லையே."

வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அலமாரியில் நிற்கிற ஃபிகருக்கு மூட்டு நின்றால் போதும். அதை யாரும் தினமும் மடக்கி நீட்டுவதில்லை. இவனுக்கு அப்படி இல்லை. டீசல் இன்ஜின் ஆட்டுகிற ஆட்டத்தில் கை நிற்கவும் வேண்டும். ஒரு விரலால் அழுத்தினால் இறங்கவும் வேண்டும். யோசித்துப் பார்த்தால் கஷ்டமான வேலை. எனக்கு வராதா? வரும். இதில் எனக்கு அடக்கம் கிடையாது.

வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற வைத்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் தார் மாதிரி ஆனது. வசந்தியின் ஹேர் டிரையரால் தோளைச் சூடு பண்ணி, பிளாஸ்டிக் இளகியதும் கையைக் கழற்றினேன். கையின் முனை கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அது தோளில் உள்ள குழிக்குள் உட்காரும். குண்டின் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. நெயில் பாலிஷ் அடிக்கிறவர்கள் உண்டு. சில பிளாஸ்டிக்கை அது அரித்துவிடும், வேண்டாம். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வார்னிஷ்தான் நல்லது. நன்றாகக் காய விட்டுக் கையை மாட்டினேன்.

சோதனை? ஓடுகிற மிக்ஸியின் மேல் வைத்துப் பிடித்தேன். சட்னி அரைந்து முடிவதற்குள் கை விழுந்துவிட்டது.

"உங்க வார்னிஷை விட என் சட்னி கெட்டியா இருக்கு" என்றாள் வசந்தி.

மறுபடி கழற்றினேன். பால் கவரில் ஒரு துண்டு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, குண்டின் மேல் தொப்பி மாதிரி போர்த்தி, சூடான குழிக்குள் அழுத்தினேன். இப்போது மிக்ஸி தோற்றது.

பிறகு அழகு. கவசத்துக்கு இரும்பு நிறம். இடுக்குகளில் கறுப்பை நீர்க்கக் கரைத்து விட்டு, மேலே இருப்பதை மட்டும் துடைத்தேன். விளிம்புகளில் லேசாக வெள்ளி. மொத்தத்துக்கும் பளபளப்பு இல்லாத வார்னிஷ். நாலு போர் பார்த்தவன் மாதிரி ஆகிவிட்டான். ஃபிகர் சேர்க்கிற எங்கள் ஆட்கள் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்.

படகு கிளம்புவதற்கு முந்தின நாள் நானே எடுத்துக்கொண்டு போனேன். நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் முன் ஸீட்டுக் கம்பியில் அவனைக் கட்டி, கையைத் தூக்கி வைத்தேன். அந்த பஸ் ஆடிய ஆட்டத்தில் என் பல்லே ஆடியது. கை நின்றது. பக்கத்து ஸீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

துறைமுகத்தில் இடிபடாமல் நடக்க முடியவில்லை. எல்லாப் படகுக்கும் புதுப் பெயிண்ட். ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. செல்வராணியின் கணவர் மதியழகன் வந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"கிரீஸ் வெச்சது நீங்கதானே?" என்றேன்.

"ஆமாங்க."

"இனிமே வெக்காதீங்க."

"வெக்க மாட்டேங்க."

செல்வராணி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏண்ணே... புதுசாக்கித் தருவீங்கன்னு பாத்தா, குளிக்காதவன் மாதிரி ஆக்கிட்டீங்களே."

"இதுக்குப் பேரு வெதரிங். வெயில்லயும் மழையிலயும் அடிபட்ட மாதிரி தெரியணும்னு நான் வேணும்னே பண்ணினது."

படகின் ஆட்களில் மூத்தவர் காளியப்பன். இந்தப் படகில் ஏற மாட்டேன் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தார். "வெயில்லயும் மழையிலயும் அடிபடத்தான் எங்க கூடவே வர்றானே. நீங்க ஏன் தனியா சிரமப்பட்டீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மூஞ்சிய விடுங்க. கையப் பாருங்க" என்று கத்தினேன்.

கேபினில் கட்டினார்கள். மதியழகன் கையைத் தூக்கி விட்டார். இன்ஜினைப் போட்டார். தரை அதிர்ந்தது. கண்ணாடி கடகடத்தது. ஆணியில் மாட்டியிருந்த சட்டை ஆடியது. கை நின்றது. வேகம் கூட்டினார். நின்றது. காளியப்பன் வாசலில் வந்து நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"சரி, நிக்குது. எறங்குமா?"

மதியழகன் ஒரு விரலை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை.

அவர் விரலை எடுத்துவிட்டார். உடைந்துவிடுமோ என்று பயம். செல்வராணி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. சும்மா பார்த்தார். பால் கவர் சூட்டில் ஒட்டிக்கொண்டதா? நானும் ஒரு சூப்பர் க்ளூ வேலைதான் செய்து வைத்திருக்கிறேனா? ஒரு நொடி எனக்கே சந்தேகம். ஒரு நொடிதான்.

"பயப்படாதீங்க. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. ஒடையாது, நான் சொல்றேன்."

அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தம். கை மெதுவாக இறங்கித் தொடைப் பக்கத்தில் போய் நின்றது. மறுபடி தூக்கினார். நின்றது. மறுபடி இறக்கினார். இந்த முறை சுலபமாக இறங்கியது.

காளியப்பன் கரைக்குப் போனார். அவருடைய துணிப் பையை எடுத்து வந்து படகுக்குள் போட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு பை வந்து விழுந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். உறுதி, உறுதி என்கிறோம். வைத்த இடத்தில் நிற்பது மட்டும் உறுதியா? அதைச் சூப்பர் க்ளூவும் செய்யும். ஆபீஸில், வீட்டில், சொந்தத்தில் எத்தனை பேர் ஒரு தடவை தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நிற்கிறார்கள்? வேண்டிய வரை நிற்க வேண்டும். போதும் என்று தொட்டால் இறங்க வேண்டும். இரண்டும் தெரிந்தால்தான் மூட்டு. வீட்டுக்கு வந்து, இதை எழுதப் போகிறேன் என்று வசந்தியிடம் சொன்னேன். "யாரப் பாத்து எழுதப் போறீங்க? கண்ணாடியப் பாத்தா?" என்றாள். விடுங்கள்.

இந்த வாரம் செல்வராணி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். படகு கரைக்கு வந்துவிட்டது. எல்லாரும் நல்லபடியாக வந்தாயிற்று. போட்டோவில் சின்ன டிரைவர். கை இறங்கியிருக்கிறது. தலை முதல் கால் வரை பளபளவென்று நீலம்... கேபினுக்கு அடித்து மிச்சமான எனாமல் பெயிண்ட். என் இரும்பு நிறம், என் இடுக்குக் கறுப்பு, என் வெள்ளி விளிம்பு — எதுவும் இல்லை.

கீழே குரல் பதிவு. "கடல்ல சும்மா இருந்த நேரத்துல காளியண்ணன் அடிச்சிருக்காருண்ணே. கோவிச்சுக்காதீங்க. மூட்டுல மட்டும் படாம அடிச்சிருக்காராம்."

கை இறங்கியிருப்பதைத்தான் முதலில் பார்த்தேன் என்று எழுத ஆசை. பொய் எதற்கு — நான் முதலில் பார்த்தது அந்த நீலத்தைத்தான்.