வெளிச்சம் வராத லேப்டாப்

எங்கள் யூனிட்டில் ஆபீஸ் என்பது ஒரு கண்ணாடி அறை. ஹாலின் நடுவில் இருக்கும். உள்ளே ஒரு மேஜை, ஒரு போன், ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர், ஒரு லேப்டாப். ஆம்பூர் பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகத்தை மட்டும் வெட்டித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. பதினேழு வருடம் அங்கே நான் தோல் வெட்டினேன். ஆபீஸில் இருந்த பெண் கல்யாணமாகி நாட்றம்பள்ளிக்குப் போனபோது, முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் உக்காருபா, ஆள் வந்ததும் கட்டிங்குக்குப் போய்டு" என்றார். பிரிண்டரில் ஸ்டிக்கர் சிக்கினால் எடுத்துவிடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுதான் என் தகுதி. படிப்பு பன்னிரண்டாவது.

ரெண்டு மாதம் எட்டு மாதமானது.

எனக்குப் பேச வராது. கட்டிங் மெஷினில் நிற்கும்போது அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. மெஷின் இறங்கி ஏறும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டினால் போதும். கண்ணாடி அறையில் போன் அடித்தால் எடுக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் சரக்கு எப்போது வரும் என்று கேட்பார். பதில் தெரிந்திருந்தாலும் "கேட்டுச் சொல்றேங்க" என்று திக்கி வைத்துவிடுவேன். நாலு பக்கமும் கண்ணாடி என்பதால், நான் திணறுவதை எழுபது பேர் பார்க்கலாம். அவர்கள் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கண்ணாடி வழியாகவே, என் மெஷினில் வேறொருவர் வெட்டுவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் முதலாளி மகனுடையது. கேம் விளையாடுவதற்கென்று வாங்கியது. அவர் படிக்க வெளிநாடு போனதும் அது ஆபீசுக்கு வந்துவிட்டது. செங்கல் மாதிரி கனம். எழுத்துக் கட்டைகளின் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு ஓடும். "இன்னாண்ணா, அம்மன் கோயில் சீரியல் லைட்ட உள்ள வெச்சிக்கினு உக்காந்திருக்கற" என்பார் பேக்கிங் சூப்பர்வைசர் அம்மா. என் வயதுதான் அவருக்கும். அண்ணா என்று கூப்பிடுவதால் கிண்டல் செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர்.

சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆட்கள் வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வருவார்கள். கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் சிலிண்டர் எல்லாம் பார்ப்பார்கள். இந்த முறை கம்ப்யூட்டரில் இருப்பதற்கும் லைசென்ஸ் கேட்பார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்பது முதலாளி மகனுக்கு மட்டுமே தெரியும்.

முதலாளி கண்ணாடி அறைக்கு வந்தார்.

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்குதாமே. காசும் இல்ல, லைசென்ஸ் கேக்கற பேஜாரும் இல்ல. அத போட்டுடு."

"எனக்கு அது தெரியாதுங்க பாய்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அத சீக்கிரம் முடி. ஒண்ணாந்தேதி பள்ளிகொண்டால இருந்து ஒரு பொண்ணு வருது. பி.காம். அதுக்குக் காட்டிக் குடுத்துட்டு நீ கட்டிங்குக்குப் போ."

திறந்த வாயால் "சரிங்க பாய்" என்றேன்.

ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படியையும் பழைய ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றித் தந்தவர் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவரிடம் ஏதாவது கேட்கலாம் என்று நினைத்துப் போய், பென் டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

யூனிட் லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். பேக்கிங் அம்மா சர்ச்சில் ஆராதனை முடித்து நேராக வந்திருந்தார். திங்கள் காலை வண்டி ஏறவேண்டிய அட்டைப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் வேண்டும். "நீ முடி, நான் ஒக்காந்திருக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அது இன்னும் கஷ்டம். ஆள் பக்கத்தில் இருந்தால் கை ஓடாது.

முதலில் ஸ்டிக்கர் கோப்புகளை எல்லாம் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். லேப்டாப்பை அணைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்து, பென் டிரைவிலிருந்து கிளப்பினேன். வீடியோவில் சொன்ன மாதிரி ரெண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். கேமுக்கான கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் முதல் வரி சரிப்படாதாம். மொழி, நேரம், பெயர் எல்லாம் கேட்டது. கடைசியில், டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்துவிடவா என்றது.

அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணா, தூங்கிட்டியா?"

"படிக்கறேம்மா."

"நாலு வார்த்தைய எத்தினி தபா படிப்ப?"

வெட்டுகிறவனுக்கு அந்தப் பயம் பழக்கம். வெட்டும் அச்சு தோலில் இறங்கிவிட்டால் பிறகு ஒட்ட முடியாது. ஆனால் மெஷினில் எங்கே வெட்டுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. அழுத்திவிட்டேன்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. மறுபடி ஆன் செய்யச் சொன்னது. செய்தேன். லேப்டாப் கம்பெனியின் சின்னம் வந்தது, போனது, திரை கறுத்தது. விசிறி சுற்றுகிறது, கட்டைகளின் விளக்கு ஓடுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அணைத்து ஆன் செய்தேன். மூன்று முறை. அதே கறுப்பு.

பேக்கிங் அம்மா கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

"பெட்டி தொள்ளாயிரம் இருக்குதுண்ணா" என்றார் மெதுவாக. "கையாலதான் எழுதணும்."

என் மனதில் ஓடியது பெட்டி அல்ல, ஒண்ணாந்தேதி. இது கெட்டால் முதலாளி என்னைக் கட்டிங்குக்கு அனுப்புவாரா, கேட்டுக்கு வெளியே அனுப்புவாரா? பஜார்க் கடையில் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கட்டிங் பக்கம் பெரிய ஜன்னல்கள் உண்டு. தோலை வெட்டும் முன் அங்கேதான் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். நேராகப் பார்த்தால் சுத்தமாக இருக்கும் தோலில், சாய்த்தால் முள் கீறியது, உண்ணி கடித்தது எல்லாம் தெரியும். ஜன்னலைத் தாண்டும்போது யோசிக்காமலே கை லேப்டாப்பைச் சாய்த்தது. கறுப்புக்குள் மங்கலாக எண்கள் தெரிந்தன. 11, பக்கத்தில் 42. மணி.

திரை சாகவில்லை. படம் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை.

தோல் வைக்கும் மேஜையில் அதை வைத்து, வெயில் விழும் பக்கமாகத் திருப்பி, கன்னம் மேஜையில் படுமளவு குனிந்து பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் தெரிந்தது. அடித்தேன். மேல் மூலையில் இருந்த குறியைத் தடவித் திறந்தேன். சூரியன் படம் போட்ட ஒரு கோடு, அதன் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. புள்ளியை வலது பக்கம் இழுத்தேன். திரை முழுக்க வெளிச்சம் வந்தது.

"ஸ்தோத்திரம்" என்றார் பேக்கிங் அம்மா. பிறகு, "நீ இன்னா அது காதுல ஏதோ சொன்ன மாதிரி இருந்திச்சே" என்றார்.

சாயங்காலத்துக்குள் பிரிண்டரும் ஸ்டிக்கர் துப்பியது. செவ்வாய்க்கிழமை சோதனைக்கு வந்தவர்கள் லேப்டாப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முதலுதவிப் பெட்டியில் கத்தரி இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஒண்ணாந்தேதி பள்ளிகொண்டாப் பெண் வந்தார். என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்தார். போனில் சிரித்துப் பேசினார். இரண்டு நாளில் எல்லாம் கற்றுக்கொண்டார், ஒன்றைத் தவிர. லேப்டாப்பை அணைத்து ஆன் செய்யும்போதெல்லாம் வெளிச்சம் பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். வெளிச்சத்தைக் கூட்டும் கட்டையும் லினக்ஸில் வேலை செய்யவில்லை. சாய்த்துக் காட்டினேன்.

"எங்க சார் தெரியுது?"

"இங்க பாரும்மா, மூலையில."

"எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது சார்."

போன் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. அதனால் அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்தால் கட்டிங் மெஷினிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போவேன். ஒரு வாரத்தில் கட்டிங் மாஸ்டர் அலுத்துப்போய், "நீ அங்கயே இருபா, பாதி தோல்ல உட்டுட்டுப் போனா எனக்குக் கணக்கு ஒதைக்குது" என்றார். அந்தப் பெண்ணுக்கும் வெட்கமாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் வேலூரில் ஒரு ஷோரூமில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் மீண்டும் கண்ணாடிக்குள் வந்தேன்.

அதை நிரந்தரமாகச் சரிசெய்ய வழி இருக்கும் என்று தெரியும். மதியச் சாப்பாட்டு நேரங்களில் போனில் தேடினேன். என் லேப்டாப்புக்கு இருந்த அதே கோளாறை யாரோ ஒருவர் எங்கோ கேட்டிருந்தார். இன்னொருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். லேப்டாப் கிளம்பும்போது படிக்கும் கோப்பில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். நடுவில் ஓர் இடைவெளி விட்டுப்போய் இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் ஆன் செய்ததும் வெளிச்சம் தானாக வந்தது. ஐந்து முறை அணைத்து ஆன் செய்தேன். ஐந்து முறையும் வந்தது.

இனி யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம். நான் போகலாம். என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாய், இப்ப யார் வேணா ஆன் பண்ணலாம், நான் கட்டிங்குக்குப் போறேன். இரண்டு வாக்கியம். முதலாளி அறைக்கு மாடிப்படி ஏறும்போது இன்னும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா வா, ஒன்னத்தான் நெனச்சேன். என் தம்பி யூனிட்ல ரெண்டு லேப்டாப் இருக்குது, அதுக்கும் இதயே போட்டுடு. ஆள் தேடறத வுட்டுட்டேன்பா. படிச்ச பொண்ணாலயே ஆவல. நீதான் கரெக்டு. ஜாஸ்தி பேச மாட்ட, வேலையப் பாக்கற. ஒன் கட்டிங் மெஷினுக்கு பேர்ணாம்பட்டுல இருந்து ஒருத்தரப் போட்டாச்சு."

"சரிங்க பாய்."

திரும்பினேன். கதவுப் பக்கம் போனதும் கூப்பிட்டார்.

"நீ இன்னாவோ சொல்ல வந்தியே?"

டம்ளரைக் கையில் பிடித்தபடி நிஜமாகவே காத்திருந்தார். அவர் அவசரப்படவில்லை. சொல்லியிருக்கலாம்.

"லேப்டாப்புல லைட்டு வந்துடுச்சுங்க பாய்" என்றேன்.

"நல்லது, நல்லது" என்றார்.

தம்பி யூனிட்டின் லேப்டாப்கள் சனிக்கிழமை வந்தன. மேஜையில் இடம் போதவில்லை என்று கண்ணாடி அறைக்குள் இன்னொரு மேஜை போட்டார்கள்.