ஹாலில் ஊட்டி, உள்ளறையில் வெயில்

சித்திரை, வைகாசியில் ஏசி மெக்கானிக்கை வாசலுக்கே வந்து வரவேற்பார்கள். மார்கழியில் அதே ஆள் எதிரே வந்தால் எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், இன்வெர்ட்டர் மாட்டுகிறவர் என்று அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிழைக்கிற என் இனத்தாரே, உங்களுக்கும் இது பழகியிருக்கும். உத்திரமேரூரில் நான் கடை வைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. இப்போது சொல்லப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம்.

மூன்று அறை, ஒரே பாய்

போன வருஷம் சென்னையில் கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். வீடு முழுக்க ஒரே மிஷின், ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றுக் குழாய், அறைக்கு ஒரு சென்சார். அறை சூடானால் அந்த அறைக்குக் காற்று போகிற வழியில் உள்ள தகடு திறக்கும்; குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். ஆளில்லாத அறைக்குக் கரன்ட்டைக் கொட்ட வேண்டியதில்லை. சான்றிதழை லேமினேட் பண்ணிக் கடையில் மாட்டிவிட்டு, முதல் வேலையாகப் புள்ளலூரில் ஒரு வாத்தியார் வீட்டில் மூன்று படுக்கையறைக்கும் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. வாத்தியார், மனைவி, பிள்ளைகள், லீவுக்கு வந்த தம்பி குடும்பம் என்று அத்தனை பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்களாம். அந்த ஓர் அறைக்குச் சாதாரண ஏசியே போதும். யார் எங்கே படுப்பீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அதை ஒத்துக்கொள்ளாமல், "அவரவர் ரூம்ல படுக்கலாமே, அதுக்குத்தானே போட்டது" என்று வேறு சொல்லி வைத்தேன். வாத்தியார் மனைவி சொன்னார்: "ஆளுக்கு ஒரு ரூம்ல படுக்கறதுக்கு நாங்க இன்னா லாட்ஜா நடத்தறோம்?"

சூடாகக் கூடாத அறை

இரண்டாவது வேலை காவாந்தண்டலத்தில். தேவராஜ் என்ற விவசாயி, அவர் மனைவி செல்வி, தேவராஜின் அண்ணன் குமரேசன். குமரேசன் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வேர்வையும் இல்லை. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ளாதாம். அறை சூடானால் உடம்பும் சேர்ந்து கொதிக்கும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாள் முழுக்க ஏசி ஓடினால் கரன்ட் பில் எங்கே போய் நிற்குமோ என்று பயந்தார்கள். இதற்குத்தான் என் வித்தை இருக்கிறது என்றேன். அண்ணன் அறைக்கு எந்நேரமும், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் தேவைப்படும்போது மட்டும். காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். கணவரின் அண்ணனைச் செல்வி மாமா என்றுதான் கூப்பிடுவார். படத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மத்த ரூமு எப்டினா இருக்கட்டும்ணா. மாமா ரூமு மட்டும் சூடாவக் கூடாது."

போர்வை

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். பகல் பன்னிரண்டு மணி, வெளியே தார் உருகுகிறது, ஹாலில் புருஷனும் பெண்டாட்டியும் போர்வைக்குள் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். ரிமோட்டில் ஹாலுக்கு இருபத்தேழு வைத்திருந்தார்கள். இருபத்தேழில் போர்வை எதற்கு என்று எந்தக் கற்றுக்குட்டிக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமைதான் வந்தது. புது மிஷின் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று அடித்துவிட்டேன். அந்தப் பொய்யை நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

குமரேசன் அறைக்குள் போகவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கையும் காலும் எங்கே வைப்பதென்று தெரியாது. வாசலிலேயே நின்று, "எப்டிண்ணே, பரவால்லியா?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். விட்டது தொல்லை என்று திரும்பிவிட்டேன். தேவராஜ் காப்பி டம்ளரை நீட்டினார். "ஊட்டி மாரி கீதுப்பா. போத்திக்கினு உக்காந்துக்கினு கீறோம், நீயே பாரு."

விளக்கு

அடுத்து செல்வி போன் பண்ணினார். சாயங்காலம் விளக்கேற்றினால் மிஷின் இரைச்சல் கூடிவிடுகிறது, விளக்கு மலையேறுகிற வரைக்கும் குறைவதில்லை. போய்ப் பார்த்தேன். ஹால் சென்சாரைச் சாமி அலமாரிக்கு நேர் மேலே மாட்டியிருந்தேன். அங்கே ஏற்கனவே ஓட்டை இருந்தது, சுவரைக் குடைய வேண்டாம் என்ற சோம்பேறித்தனம். விளக்குச் சூடு நேராக அதில் ஏறி, ஹால் கொதிக்கிறது என்று மிஷினிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிச் சென்சாரை மாற்றியிருக்கலாம். மாற்றினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும். அதனால் விளக்கை இடம் மாற்றச் சொன்னேன். காற்று எந்த அறைக்குப் போகிறது என்று அன்றும் பார்க்கவில்லை. செல்வி மறுபேச்சு இல்லாமல் குத்துவிளக்கைத் தூக்கி எதிர் மூலையில் வைத்தார். "மிஷினுக்கு எது நல்லதோ அத்தயே செய்யலாம்ணா. மாமாவுக்கோசரம்தானே."

இரண்டு வயர்

நாலாம் நாள் தேவராஜ் கூப்பிட்டார். அண்ணனுக்கு உடம்பு கொதித்து நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்துக் குளிர வைத்து, அன்று காலையில்தான் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்த அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மார்பில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஏணி போட்டு சீலிங்குக்குள் தலையை விட்டேன். ஹால் சென்சாரின் வயர் இவர் அறைத் தகட்டில், இவர் சென்சாரின் வயர் ஹால் தகட்டில். வயரில் ஒட்டியிருந்த நம்பர் டேப்பில் என் கையெழுத்து. இவர் அறை சூடாக ஆக, காற்று முழுக்க ஹாலுக்குப் போயிருக்கிறது. ஹால் குளிரக் குளிர, இவருக்கு வழி மூடியிருக்கிறது. விளக்கு எரிகிற நேரத்தில் மட்டும் ஹால் சென்சார் சூடாகி இவருக்குக் கொஞ்சம் காற்று வந்திருக்கிறது. அந்த விளக்கையும் நான்தான் நகர்த்த வைத்தேன்.

வயரை மாற்றிப் போட இரண்டு நிமிஷம் ஆனது. ஹாலுக்குப் போய் தேவராஜிடம், "லூஸ் கனெக்‌ஷன், சரி பண்ணிட்டேன்" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பையை எடுக்க மறுபடி அறைக்குள் போனேன். காற்று இறங்கிக்கொண்டிருந்தது. குமரேசன் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "லூஸ் கனெக்‌ஷன்னு சொன்னியே, கேட்டுச்சு" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எனக்கு மொத வாரமே தெரியும்பா. இங்க சூடானா அங்க ஜில்லுனு ஆவுது. ரெண்டு பேரும் எனக்கோசரம் நாயா ஒயைக்கறாங்கோ. நம்மளாலயும் வூட்டுக்கு ஒரு பிரயோஜனம் கீதேன்னு சொம்மா உட்டுட்டேன்."

அதன்பிறகு ஹாலுக்குப் போய் உண்மையைச் சொன்னேன் என்றாலும், இத்தனை வருஷத்தில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தவர்கள் ஒருத்தர் முகமும் நினைவில் இல்லாதபோது, ஒரு வார்த்தை திட்டாமல் விட்ட அந்த ஆள்தான் நான் எந்த வீட்டில் ஏணி போட்டாலும் கீழே படுத்துக்கொண்டு பார்க்கிறார்.