செம்பைப் பிடித்து இறக்கிய மருந்தும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் எங்கள் இரத்த உறவுகள். அதனால் அக்காவின் வாழ்க்கையோடு அவருக்கு வந்த நோயைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்படி எழுதச் சொன்னவரும் அக்காதான்.

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்த அய்யாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அய்யா, அம்மாவின் சொந்தத் தாய்மாமன் மகன். ஐந்து ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அக்காவின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எங்கள் தேவாலயப் பங்கில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆசிரியர் பயிற்சிக்காக அவர் தினமும் ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தார்.

பத்தொன்பதாவது வயதில் அந்தக் கையெழுத்து கோணியது. பிறகு கையில் எடுத்த டம்ளர் ஆடியது. பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வடிந்தது. காரணமில்லாமல் சிரிப்பார், உடனே அழுவார். பயிற்சி பாதியில் நின்றது. உள்ளூரில் கொடுத்த சத்து மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. காத்துக் கருப்பு என்று சிலர் சொன்னார்கள். பெண் கேட்டு வந்திருந்த குடும்பம் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

அம்மா அக்காவை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனார். நானும் உடன் இருந்தேன். அங்கே பக்கத்து அறையில் பெரியபட்டினத்துப் பெண் ஒருவர் தம் தம்பியோடு தங்கியிருந்தார். இரண்டு மூன்று நாள் அக்காவைக் கவனித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளைக்குக் கை இப்படி ஆடுதே, நரம்பு டாக்டர்ட்ட காட்டினீயளா?"

"எல்லாம் பாத்துட்டுத்தான் இங்கன வந்துருக்கோம்," என்றார் அம்மா.

"நரம்புக்குன்னே தனியா டாக்டர் இருக்காங்கம்மா. எந்தம்பிக்கு நாங்க அங்கயும் பாக்குறோம், இங்கயும் வாரோம். ஒங்க புள்ளைக்கு நான் துஆ கேக்குறேன். நீங்க மதுரைக்குப் போங்க."

டாக்டரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் அவரே. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை.

மதுரையில் அந்தப் பெண் டாக்டர் அக்காவை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். பிறகு கண் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே கருவிழியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரத்தமும் ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரும் சோதிக்கப்பட்டன. நோயின் பெயர் வில்சன் நோய் என்றார் டாக்டர்.

"சாப்பாட்டுல கொஞ்சம் செம்புச் சத்து இருக்கும். ஒடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தைக் கல்லீரல் வெளிய தள்ளிரும். இவங்களுக்கு அது தள்ளல. சேந்து சேந்து மூளை வரைக்கும் போயிருச்சு. கட்டுல இல்லாம திரியுற செம்பு, கடல்காத்துல இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, உள்ள அரிக்கும்."

"செப்புக் கொடத்துத் தண்ணி குடிச்சதாலயா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. பிறக்கும்போதே உள்ளது. நீங்களும் ஒங்க வீட்டுக்காரரும் ஆளுக்குப் பாதி குடுத்துருக்கீங்க. ஒங்களுக்கே தெரியாது."

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அவரைப் பார்த்து, "இதுக்கு மருந்து இருக்குங்கய்யா," என்றார். அந்த மருந்து செம்பை இறுகப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியேறிவிடுமாம். வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்றார்.

ஆனால் மருந்து தொடங்கிய ஒரு மாதத்தில் அக்காவின் நிலை மோசமானது. நடை நின்றது. பேச்சும் அடங்கிப்போனது. வந்து பார்த்த உறவினர்கள் மருந்தைக் குற்றம் சொன்னார்கள். அம்மா மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். அதைப் பார்த்த அக்கா, சுவரில் தொங்கிய காலண்டரைக் கண்ணால் காட்டினார். நான் எடுத்து மடியில் வைத்தேன். நடுங்கும் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். வெகு நேரம் ஆனது. நான் கூட்டி வாசித்தேன்: நிறுத்தாதே.

மறுநாள் அம்மா மதுரைக்குப் பஸ் ஏறினார். சிலருக்குத் தொடக்கத்தில் இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். அளவை வெகுவாகக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். செம்பைக் குடலிலேயே தடுக்கும் துத்தநாக மாத்திரையும் சேர்த்தார். ஐந்தாவது மாதம் ஒரு மதியம் அக்கா வாயிலிருந்து முதல் முழு வாக்கியம் தெளிவாக வந்தது. "கொழம்புல உப்புப் பத்தல." அம்மா உப்புச் சாடியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் அதே நோய் இருந்தது. ஆனால் அறிகுறி எதுவும் இல்லை. பதினைந்து வயதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் மாத்திரையை ஏன் போட வேண்டும் என்று முரண்டு பிடித்தேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லயேக்கா."

"ஏலே, எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு. போடு."

காலையில் வெறும் வயிற்றில் தமக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். இன்று படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். என் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.

அக்கா மறுபடியும் பயிற்சியில் சேர்ந்து முடித்தார். தொடக்கப் பள்ளியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார். நோயைத் தெரிந்தே மணம் முடித்த மச்சானோடு நிறைவாக வாழ்ந்து, ஒரு மகளைப் பெற்றார். மகளுக்கு நோய் இல்லை. நண்டு, இறாலில் செம்புச் சத்து மிகுதி என்பதால் கடற்கரையில் பிறந்தும் அக்காவும் நானும் அவற்றைத் தொட்டதில்லை. பிற்காலத்தில் மாற்றித் தந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியிருந்தது. புயலால் பல நாள் கரண்ட் இல்லாமல் போனபோது மச்சான் மீன்பெட்டியைக் கழுவி, ஐஸ் நிரப்பி, அதில் மருந்தைக் காப்பாற்றினார். அந்தப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துவிட்டு வகுப்புக்கு வரும்போது டீச்சர் மேல் மீன் வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் சிரித்ததை அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

எதிர்வீட்டு மதினியின் கணவருக்கு மறதி நோய். செம்பை இறக்கினால் மறதி தீரும் என்று மதினி போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தார்.

"ஒன் மாத்திரையில பத்து குடு தாயி. ஒனக்கு கேட்டுச்சுல்ல."

"எனக்கு மிச்சமா கெடக்கு மதினி, அதனால எறக்குறோம். அண்ணனுக்கு அப்படி இல்ல. இது வேணுங்கிறதையும் இழுத்துட்டுப் போயிரும். வாங்க, டாக்டர்ட்டயே கேப்போம்."

அக்காவே லீவு போட்டு அவர்களை மதுரைக்குக் கூட்டிப் போனார். மறதி நோயில் செம்பு அதிகமாகிவிடுவதில்லை, மூளையில் சேரும் புரதத் திட்டுகளில் தவறான இடத்தில் சிக்கிக்கொண்டு துருப் போன்ற அரிப்பை உண்டாக்குகிறது என்று கருதுகிறார்கள் என டாக்டர் விளக்கினார். அங்கே மட்டும் அதைப் பிடித்து, கெடுதல் செய்யாமல் தடுக்கும் மூலக்கூறுகளை ஆய்வுக்கூடங்களில் உருவாக்கிப் பார்க்கிறார்கள். மனிதருக்குப் பயன்படும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வரல. ஆனா தேடுறாங்க மதினி. என் வியாதிக்கும் ஒரு காலத்துல மருந்து இல்லாமத்தான் இருந்துச்சு," என்றாராம். மதினியின் கணவர் இன்று அதே டாக்டரின் கவனிப்பில் இருக்கிறார்.

சென்ற ஆண்டு நுரையீரல் காய்ச்சல் அக்காவைப் பத்தே நாளில் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில், பேச்சு நன்றாக இருந்தபோது என்னிடம் சொன்னார்.

"மலர் போடுவீயல்ல? என்னையப் புகழ்ந்து பக்கத்த ரொப்பாத. நம்ம சொந்தத்துல எத்தன புள்ளைக இருக்கு. நோய்ப் பேரப் போட்டு எழுது. சோதிக்கச் சொல்லு."

மலர் வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அடக்கம் முடிந்த மறுவாரமே உறவினர் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கச் சொன்னேன். சிலர் கோபித்தார்கள், பெண் பிள்ளைகளின் கல்யாணம் கெடும் என்றார்கள். அவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: தெரிந்தால் மாத்திரையோடு வாழலாம்.

மதுரை டாக்டருக்கும், அக்காவைத் தாங்கிய மச்சானுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், இறுதி நாட்களில் உடன் நின்ற அண்டை வீட்டாருக்கும், பெயர் தெரியாத அந்தப் பெரியபட்டினத்துச் சகோதரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சோதித்துக்கொண்டவர்களில் எங்கள் சித்தப்பா மகனின் ஏழு வயது மகளும் ஒருத்தி. இரண்டு முறை மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் இதே நோய்தான். செம்பு கல்லீரலில் மட்டும் இருந்தது. மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. மாத்திரையை விடாதவரை அது மூளைக்குப் போகாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.