எல்லாரும் வரலாம், தத்துவம் படிக்கிறோம்

புரியாத புத்தகத்தை நாலு பேரைக் கூட்டிவைத்துப் படிப்பதும் ஒரு வேலைதான் என்று எங்கள் வீட்டில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் வாசிப்புக் குழு நடத்துகிறவர் என்றால் உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் இருக்கும்.

முதல் ஞாயிறு

பெரிய காஞ்சிபுரத்தில் நண்பரின் பட்டுக்கடை மாடியில் இடம் கிடைத்தது. 'தத்துவ வாசிப்பு, அனைவரும் வரலாம்' என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டு, யாராவது வருவார்களா என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர் செல்வி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கக்கத்தில் சுருட்டிய பாய். யோகா வகுப்பு என்று நினைத்து வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பாயை விரித்துவிட்டார்.

"வந்தது வந்துட்டேன். கால நீட்டிக்கினு கேக்கலாமாபா?"

ஸ்கூட்டர்

'நான்' என்று நிலையாக ஒன்று கிடையாது என்கிற பக்கம் வந்தது. கூரம் பக்கத்து நெல் வியாபாரி தரணேந்திர நயினார் கொதித்துவிட்டார். சமணக் குடும்பம், உயிர் அழியாது என்று கேட்டு வளர்ந்தவர். "அப்போ வினை யாரைச் சேரும்?" என்றார். ரிட்டயரான பஸ் டிரைவர் தேவராஜ் விடவில்லை: "ஸ்டீரிங் பிடிச்ச தேவராஜ் வேற, இங்க குந்திக்கினு இருக்கிறவன் வேற சார்." நயினார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். குழு உடைந்தது என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். என் முகத்தில் தெரிந்த நிம்மதி நயினாருக்குப் பிடிக்கவில்லை.

"சமாதானம் ஆயிட்டோம்னு நினைக்காதீங்க. சண்டை பாதியில நிக்குதேன்னு வழியெல்லாம் போட்டுக்கினு வந்தோம்."

அந்தப் பக்கம்

ஒருவருடைய சாவை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது என்கிற பகுதியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது செல்வி எழுந்து போய்விட்டார். அவர் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று அப்புறம்தான் தேவராஜ் சொன்னார். போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்த அத்தியாயத்தையே தாண்டிவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் படியேறி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"கடைசி வரைக்கும் கையப் பிடிச்சிக்கினுதான் இருந்தேன். அப்பவும் அவர தனியா அனுப்பிட்டேன்னு மனசு அறுத்துக்கினே இருந்துச்சு. யாராலயும் கூடப் போக முடியாதுன்னு இதுல போட்டிருக்குதுபா. இன்னொரு வாட்டி படிங்க, மெதுவா."

புத்தகம் இன்னும் பாதிகூட நகரவில்லை என்றாலும் ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை என்பதால், இதுவரை தத்துவத்தோடு நடக்கும் ஆட்டத்தில் நாங்கள்தான் முன்னிலையில் இருப்பதாக நான் வீட்டில் சொல்லிவருகிறேன்.