பஸ் டிக்கெட்டும் மாமாவின் துப்பாக்கியும்

போன மாதம் என் மகனுடைய அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கெட்டுப்போய்விட்டது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். அது கெடவில்லை, என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. பரீட்சை முடிவு வந்ததிலிருந்து அவன் யாரிடமும் பேசுவதில்லை. இந்தப் பொய்யை எங்கே கற்றேன் என்று யோசித்தபோதுதான் மாமாவின் துப்பாக்கி நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மாமாவின் வாழைத்தோட்டம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த துப்பாக்கி அது. மற்றவர்களுடையதில் இரண்டு குழல்களும் பக்கம் பக்கமாக இருக்கும். மாமாவுடையதில் ஒன்றின்மேல் ஒன்று. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரன் காலம்வரை உழைக்கும் என்பார். மாதம் ஒருமுறை குழலுக்குள் துணி விட்டுத் துடைத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். பிறகு, மடக்கித் திறந்த குழலின் பின்பக்கம் ஒரு காலண்டர் தாளை வைத்து மூடி, என்னை இழுக்கச் சொல்வார். தாள் உருவிக்கொண்டு வந்தால், குழலை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு தேய்ந்துவிட்டதாக அர்த்தம். ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வருடம் மாமாவின் ஒரே மகன் கிணற்றில் நீந்தப் போய்த் திரும்பி வரவில்லை. மாமா தோட்டத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டார். துப்பாக்கியை மட்டும் தினமும் துடைத்தார். காலையில் துடைத்ததையே சாயங்காலமும் துடைத்தார். லீவுக்குப் போயிருந்த எனக்கு, இவ்வளவு அக்கறை வேறு யாருக்கு வரும் என்று பெருமையாக இருந்தது.

பூட்டில் ஏதோ சத்தம் வருகிறது, கோயமுத்தூரில் காட்டியே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். அதுவரை அந்தத் துப்பாக்கியை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பழைய கடைவீதியில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஒரு பாயின் கடைக்குப் போனோம். போனதும் எனக்கு பன் வாங்கித் தரச் சொல்லி மாமாவையும் என்னையும் வெளியே அனுப்பினார் அத்தை. நாங்கள் திரும்பி வந்தபோது அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. பாய் துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பூட்டு தேஞ்சுபோச்சுங்க. சாமான் கல்கத்தாவுல இருந்து வரோணும். ஆறு மாசம் ஆகும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்லீங்க பாய், கெட்டியாத்தான் இருக்குதுங்க” என்று சொல்லி, கையிலிருந்த பஸ் டிக்கெட்டை உள்ளே வைத்து மூடி இழுத்தேன். பாதி டிக்கெட் கிழிந்து கையோடு வந்தது. மீதி அசையவில்லை.

அத்தை என் தொடையில் கிள்ளினார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாமா துப்பாக்கியில் மாட்டியிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பாவுக்கு என்னங்க தெரியும். தேஞ்சுதான் போச்சுங்க பாய். மெதுவாப் பாருங்க, அவசரமில்லீங்க” என்றார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு குழல் துப்பாக்கிக்கு ஒரே ஒரு தோட்டாவை எதற்குக் கொண்டுவந்தார் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

நல்ல துப்பாக்கியைக் கெட்டது என்று மாமாவே சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். அத்தை மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்திருந்தார். அவிநாசி தாண்டியும் விடவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இருவர் தோள்களும் குலுங்க ஆரம்பித்தன. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, குமட்டலுக்கு எனக்கென்று கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை மாமாவிடம் நீட்டினேன்.

“கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க மாமா. செரியாப் போயிருமுங்க.”