நாற்பத்தேழு துவக்குகளும் ஒரு மெட்ரோ பாஸும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். அலுமாரிகளைப் பிரித்து அடுக்கித் தருவதற்கு.

உண்மைதான்… அதற்கும் இப்போது ஆள் இருக்கிறது. ‘ஓர்கனைசர்’ என்று பெயர். விசிட்டிங் கார்ட் எல்லாம் வைத்திருக்கிறார். மகள்தான் அனுப்பியிருந்தாள். “அப்பா, உங்கடை அலுமாரியைத் திறந்தாலே எனக்குத் தும்மல் வருது” என்பது அவளுடைய நீண்டகால முறைப்பாடு.

வந்தவர் ஹோலின் நடுவில் மூன்று பெட்டிகளை வைத்தார். வைத்திருப்பது, கொடுப்பது, எறிவது. அலுமாரிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். நான் விரலால் பெட்டியைக் காட்ட வேண்டும். பழைய கோட் — கொடுப்பது. கைப்பிடி உடைந்த குடை — எறிவது. (நான் வாய் திறக்குமுன் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.) பிறகு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்து பழுத்துப்போன ஓர் அட்டை வந்தது. எண்பதுகளின் மாதாந்த மெட்ரோ பாஸ்.

“காலம் முடிந்தது” என்று சொல்லி, என்னைக் கேட்காமலே அதை மூன்றாவது பெட்டிக்குக் கொண்டுபோனார்.

“ஐயோ, அதை விடு பிள்ளை!” என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன். அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

கோபம் அவர்மேல் இல்லை. அடுக்கிக் கொடுக்கும் தொழிலில் எனக்கு மரியாதை உண்டு. நானே செய்த தொழில்தானே? இதே மொன்றியலில், அகதியாக வந்து இறங்கிய முதல் வருடத்தில். என்ன, அவர் சட்டையும் சப்பாத்தும் அடுக்குகிறார். நான் அடுக்கியது துவக்கு, அதுதான் துப்பாக்கி.

ஒன்றிரண்டு அல்ல. நாற்பத்தேழு!

அப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் ஐந்து ஆண்கள் இருந்தோம். என் மனைவியும் இரண்டு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். என் அகதி விசாரணை நவம்பர் கடைசிக் கிழமை. நல்லபடி முடிந்தால் அவர்களைக் கூப்பிடலாம். முடியாவிட்டால் என்னை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். பிள்ளையின் முகத்தைக் காணவே மாட்டேன். நான் சோறு தின்றதும் படுத்ததும் எழும்பியதும் அந்த ஒரு நினைப்போடுதான்.

நவம்பர் தொடக்கத்தில், எங்கள் ஐந்து பேரில் மூத்தவரான பரமண்ணை ஒரு வேலையோடு வந்தார்.

“எடேய், லொங்குய்யிலை ஒரு கிழவன் இருக்காம். சாமான் அடுக்கித் தர ஆள் தேடுதாம். நீ ஊரிலை சங்கக்கடை ஸ்டோர்கீப்பர்தானே? போ.”

“என்ன சாமான் அண்ணை?”

“கலெக்‌ஷனாம். முத்திரையாய் இருக்கும். இல்லாட்டிப் பூச்சி, வண்ணாத்திப்பூச்சி. உந்த வெள்ளைக்காரருக்கு வேறை என்ன வேலை?”

வேலை அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. மஞ்சள் லைன் மெட்ரோ பிடித்து, ஆற்றுக்கு அடியால் அக்கரைக்குப் போனேன். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். மனைவியை இழந்தவர். மொன்றியல் துறைமுக வாசலில் லொறிக்காரர்களின் பாஸைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டு ஓய்வு பெற்றவர். பெயர் எதற்கு? மொசியே என்றே வைத்துக்கொள்வோம், பிரெஞ்சில் ‘ஐயா’. துறைமுக ஆங்கிலம் அவரிடம், கூட்டுறவுச் சங்கக்கடை ஆங்கிலம் என்னிடம். இரண்டையும் சேர்த்தால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்.

“பொன்ஜூர்! நில், கலெக்‌ஷனைக் காட்டுகிறேன்” என்று உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு நீளத் துவக்கு.

அடுத்து நடந்தது நான் யோசித்துச் செய்ததல்ல. என் இடது கை தானாக மேலே போனது. வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய், அங்கே இருந்த அட்டையை எடுத்து அவர் முன் நீட்டியது. ஊரில் என்றால் அது ஐ.சி. — அடையாள அட்டை. துவக்கைக் கண்டால் ஐ.சி.யைக் காட்டுவது எங்களுக்கு இமைப்பது மாதிரிப் பழகிய காரியம். இங்கே ஐ.சி.க்கு எங்கே போவது? வந்தது மெட்ரோ பாஸ்.

நினைத்துப் பாருங்கள். துவக்கோடு ஒரு கிழவர். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மறு கையில் மெட்ரோ பாஸோடு நான். அவர் வீட்டுக் கார்பெட்டில் டிக்கெட் பரிசோதனை!

மொசியே துவக்கைச் சோபாவில் வைத்தார். பாஸை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை இறக்கி, முன்னும் பின்னும் பார்த்தார். பார்த்துப் பழகிய கை அல்லவா? “நவம்பர். இந்த மாதம் முடியும்வரை செல்லும்” என்று திருப்பித் தந்தார். சிரிக்கவில்லை. ஏன் காட்டினாய் என்று கேட்கவுமில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதுதான் என் நேர்முகப் பரீட்சை. வேலை கிடைத்துவிட்டது.

வீடு முழுக்கத் துவக்கு. ஹோல் சுவரில் ஆறு. நடையில் குடைகளோடு குடையாக நான்கு. கட்டிலுக்குக் கீழே ஒரு வரிசை. விளக்குமாறு வைக்கிற அலுமாரியில் விளக்குமாற்றுக்கு இடமில்லை. மான் சுட்டது, வாத்துச் சுட்டது, ஏதோ ஒரு பழைய யுத்தத்தில் யாரோ யாரையோ சுட்டது… எல்லா ரகமும் இருந்தன. ஆனால் அவர் வேட்டைக்குப் போயே பல வருடமாம். சுடுவது நின்றுவிட்டது, வாங்குவது நிற்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் அவருடைய மகள். எல்லாம் நிலவறையில் ஒழுங்காக அடுக்கிப் பூட்டப்படும்வரை குழந்தையை அந்த வீட்டு வாசல்படி மிதிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பேத்திக்கு இரண்டு வயது.

“என்ரை மகளுக்கும் இரண்டு வயது” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மொசியே என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒரு கோப்பி ஊற்றித் தந்தார்.

வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு துவக்கையும் மொசியே திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் பார்த்து, எனக்கும் காட்டுவார். துடைத்து எண்ணெய் பூசுவோம். பிறகு, எது இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடியோ அந்த இரும்பைக் கழற்றி என்னிடம் தருவார். துவக்கின் கழுத்தில் நூல் கட்டி ஓர் எண். கழற்றிய இரும்புக்கும் அதே எண். துவக்கு தட்டுக்கு, இரும்பு இழுப்பறைக்கு. ஒவ்வொன்றுக்கும் சங்கக்கடை வழக்கப்படி ஓர் இருப்பு அட்டையும் எழுதி வைத்தேன். வந்தது ஒன்று, போனது இல்லை, இருப்பு ஒன்று. நாற்பத்தேழு அட்டையிலும் இதுதான். இப்படி நிம்மதியான ஸ்டோரை நான் ஊரில் பார்த்ததில்லை.

தோட்டாப் பெட்டிகளையும் அதே அறையில் வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

“மொசியே, அரிசிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைக்கக்கூடாது. ஸ்டோர்கீப்பருக்கு இதுதான் முதல் பாடம்.”

தோட்டாக்கள் வேறு அறைக்கு, வேறு பூட்டுக்குப் போயின. மொசியே அந்த வசனத்தை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

பெரிய வேலைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். துவக்கின் பின்பக்கத்தை அதற்கு முன் நான் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. எங்களுக்குத் தெரிந்தது வாய்ப்பக்கம் மட்டும்தான். அதனால் தட்டில் கிடத்தும்போது அத்தனை துவக்கின் வாயையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நாற்பத்தேழு வாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எப்படி வேலை செய்வது?

மொசியேவுக்குப் பிடிக்கவில்லை. “என்ன இது? அழகே முன்பக்கம்தான்!” என்றார்.

“சங்கக்கடை முறை, மொசியே” என்றேன். பச்சைப் பொய்.

மூன்றாம் கிழமை அவருடைய மகள் வந்து பூட்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு பேத்தி வந்தாள். மொசியே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும்.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன்.

வேலை கொடுத்தவரிடம் நன்னடத்தைக் கடிதம் ஒன்று வாங்கி வரும்படி என் வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். மொசியேயிடம் கேட்டேன். “துவக்கைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னேனே! “கலெக்‌ஷன் என்று மட்டும் எழுதுங்கள்” என்றேன். நன்றாகத் தலையாட்டினார். விசாரணைக்கு முதல் நாள் கடிதம் கைக்கு வந்தது. பிரெஞ்சில். ஆறு பக்கம். உறையின்மேல் சிவப்பு மெழுகு வைத்து ஒட்டியிருந்தார். பிரித்துப் பார்க்கவா என்று பரமண்ணையைக் கேட்டேன்.

பரமண்ணை அதைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். “தடிச்ச கடிதமாய்க் கிடக்கு! கிழவன் அள்ளிக் கொட்டியிருக்கிறான். உடைக்காதை, உடைச்சால் செல்லாது. அப்பிடியே அதிகாரியின்ரை கையிலை குடு.”

கடுதாசி கூடக்கூட நல்லது… அந்த நாளில் எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும் இதுதானே? பள்ளிக்கூடத்துச் சாக்கோட்டத்தில் இரண்டாம் இடம் வந்த சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

விசாரணை அறையில் நான்கு பேர். அதிகாரி, வக்கீல் அம்மா, மொழிபெயர்க்க ஒரு சென்னைக்காரர், நான். அதிகாரி என் விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தை வாசித்தார். வீதியோரத்தில் இராணுவம் எங்களை வரிசையில் நிறுத்திய கதை அது. வாசித்தபோது வந்த கொட்டாவியை மரியாதையாக விழுங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன? அன்றைக்கு நான் மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஏறக்குறைய அதே கதையைத்தான் கொண்டுபோயிருப்போம். எங்களுக்கு அங்கே கிடைத்ததே அந்த ஒரு கதைதான்.

“நீங்கள் ஆயுதம் எதையாவது கையாண்டது உண்டா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“வேறு ஆவணம் ஏதும் உண்டா?”

வக்கீல் அம்மா வாய் திறக்குமுன் நான் எழும்பி, இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினேன்.

அதிகாரி மெழுகை உடைத்தார். முதல் பக்கத்திலேயே புருவம் ஏறியது. பிரெஞ்சில் இருந்ததை அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சென்னைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்.

“சார்… ‘என்னோட நாற்பத்தேழு ஆயுதங்களையும் இவர் தன் கையாலயே துடைச்சு, எண்ணெய் போட்டு அடுக்கினார்’னு எழுதியிருக்கு. ‘ஆயுதம்னா இப்படி ஒரு கை எனக்குக் கிடைச்சதே இல்லை. எந்த ஆயுதத்தையும் இவரை நம்பிக் கொடுக்கலாம்’னு…” அவருடைய குரல் தேய்ந்துகொண்டே போனது. “சார், இதையா கொண்டாந்து குடுத்தீங்க?”

வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகள் மழலையாகக் கதைக்கத் தொடங்கிவிட்டாள் என்று மனைவி எழுதியிருந்தாள். அதைக் கேட்கும் பாக்கியம் எனக்கில்லை, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

அதிகாரி ஒரு பக்கத்தையும் விடாமல் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். திரும்பவும் வாசித்தார்.

“முதல் நாள் இவருக்கு உங்கள் மெட்ரோ பாஸைக் காட்டினீர்களா?”

மொசியே எழுதியிருந்தது இதுதான்: ‘நான் துவக்கோடு வந்தபோது இவர் ஒரு கையைத் தூக்கி, மறு கையால் மெட்ரோ பாஸை எடுத்துக் காட்டினார். முகத்தில் இரத்தமே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, வெட்கப்படுவார். என் துவக்குகள் எல்லாவற்றையும் வாய் சுவரைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார். அது ஏதோ கடை முறை என்கிறார். நான் நம்பவில்லை. ஆனால் அப்படியே விட்டிருக்கிறேன்.’

“ஏன் காட்டினீர்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“ஐயா, எங்கடை ஊரிலை துவக்கைக் கண்டால் கேக்கிறதுக்கு முன்னம் ஐ.சி.யைக் காட்டவேணும். பிந்தினால் சுடுவாங்கள். எனக்குப் பக்கத்திலை நிண்ட சைக்கிள் கடைக்காரன் பிந்திப்போனான். அவன்ரை ஐ.சி. மற்றச் சட்டைக்குள்ளை கிடந்தது.”

சென்னைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதை மொழிபெயர்த்தார்.

அதே சைக்கிள் கடைக்காரன் நான்காம் பக்கத்திலும் செத்துத்தான் கிடந்தான். அப்போது கொட்டாவியை விழுங்கியவர் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்ததை நம்பாதவரை, ஒரு மெட்ரோ பாஸ் நம்ப வைத்தது.

“அந்த பாஸ் இப்போது இருக்கிறதா?”

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நீட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தார். “இன்னும் மூன்று நாள் செல்லும்” என்று திருப்பித் தந்தார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் அட்டை காட்டியிருக்கிறேன். அடி உதை, வசவு இல்லாமல் அது திரும்பி வந்தது இரண்டே தரம்தான்.

முடிவு தபாலில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். ‘மெர்சி’ என்று நன்றி சொல்ல லொங்குய்க்கு ஓடினேன். மொசியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பார்த்தாயா? ஆயுதங்களைப் பற்றி விபரமாக எழுதினேன். அதுதான் வேலை செய்திருக்கிறது” என்றார்.

“ஓம், மொசியே” என்றேன்.

மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். தும்மல் வருகிறது என்று ஆள் அனுப்புகிறாளே, அந்த மகள்தான்.

ஓர்கனைசர் பெண் அட்டையும் கையுமாக இன்னும் நின்றுகொண்டிருந்தார். “மொசியே, இது ஒரு மாதத்துக்கு, ஓர் ஆளுக்கு மட்டும் செல்கிற பாஸ். அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது” என்றார் பொறுமையாக.

வாஸ்தவம். ஓர் ஆளுக்கான பாஸ்தான்.

மூன்று பேர் ஏறினோம். இன்னும் இறங்கவில்லை.